வேலை போகவும் இல்லை, கிடைக்கவும் இல்லை: அமெரிக்க வேலைச் சந்தையின் 2025 நிலை

வணக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 4.3 சதவீதம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், அது 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் நிலைமை சீராக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அதே 2025இல், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள் மாதக்கணக்கில் விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வராமல் தவித்தார்கள். இவை இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

முதலில் இந்த விகிதம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். தொழிலாளர் புள்ளியியல் பணியகத்துக்காக மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளில் கணக்கெடுப்பு நடக்கிறது. வேலை இல்லை என்று ஒருவர் சொன்னால், கடந்த 4 வாரங்களில் வேலை தேட என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். விண்ணப்பம் அனுப்பியிருந்தால் அவர் வேலையற்றவர். விளம்பரங்களைப் பார்த்ததோடு நின்றிருந்தால் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். கணக்கெடுப்பு வாரத்தில் 1 மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்தவரோ, வேலையில் இருப்பவராகவே பதிவாவார்.

[திரையில்: 2013 முதல் 2025 வரையிலான ஆட்சேர்ப்பு விகித வரைபடம்]

தலைப்புச் செய்திகளில் அதிகம் வராத இந்த வரைபடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2025இல் மொத்தப் பணியிடங்களில் மாதத்துக்குச் சுமார் 3.3 சதவீத அளவுக்கே புதிதாக ஆள் எடுத்தார்கள். ஏறக்குறைய இதே வேகம் 2013இல் இருந்தபோது, வேலையின்மை 7 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதாவது, உள்ளே இருப்பவர்களை நிறுவனங்கள் பெரிய அளவில் அனுப்பவில்லை. வெளியே நிற்பவர்களுக்குக் கதவைத் திறக்கவும் இல்லை.

2022 மார்ச்சில் காலியிடங்கள் 1.2 கோடியைத் தொட்டன. மாதந்தோறும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்களாகவே ராஜினாமா செய்தார்கள். பிறகு, பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனங்கள் இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொண்டு விரிவாக்கத்தை நிறுத்தின. வேறு வேலை கிடைக்காதோ என்ற அச்சத்தில் ஊழியர்களும் இடம் மாறவில்லை. அனுபவமுள்ள ஒருவர் விலகினால்தான் அவருக்குக் கீழே இருப்பவர் உயர்ந்து, கடைசிப் படியில் புதியவருக்கு இடம் உண்டாகும். அந்தச் சங்கிலி அறுந்தபோது முதல் அடி பட்டது இளைஞர்களுக்கு. செயற்கை நுண்ணறிவுதான் முழுக் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். காலியிடங்கள் அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டன.

2025இல் புதிய வேலைகளைப் பெரும்பாலும் மருத்துவத் துறையே உருவாக்கியது. மத்திய அரசுப் பணியிடங்கள் குறைந்தன.

வேலையற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 27 வாரங்களோ அதற்கும் மேலாகவோ தேடிக்கொண்டிருந்தார். பெரும்பாலான மாநிலங்களில் வேலையிழப்பு உதவித்தொகை அதிகபட்சம் 26 வாரங்களுக்குத்தான் கிடைக்கும். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அந்த அவகாசமும் இல்லை: வேலை போனால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் அவர்களுக்காக மனு செய்ய வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆள் எடுப்பதே இவ்வளவு மந்தமாக இருக்கும் சந்தையில் 60 நாள் போதாது. அது நீட்டிக்கப்பட வேண்டும்.