டாக்டர் பார்க்காததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். 1841-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார், தன் சொந்தக் கைக்குழந்தையைப் பற்றி. தலை முன்னால் கவிழ்கிறது, சில நொடி விட்டு மறுபடி கவிழ்கிறது, ஒரு தடவை ஆரம்பித்தால் பத்து இருபது முறை, இரண்டு மூன்று நிமிடம், ஒரே நாளில் பல தடவை. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை, யாருக்காவது இது என்னவென்று தெரியுமா என்று கேட்டிருந்தார். படித்த டாக்டர்தான், ஆனால் அந்தக் கடிதத்தில் தவிக்கிறவர் ஒரு அப்பா. கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த வகை வலிப்பை இன்று வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறோம்.

அவர் செய்ததைத்தான், பார்த்ததை அப்படியே குறித்துவைப்பதைத்தான், பெற்றோர்களான உங்களையும் செய்யச் சொல்கிறேன். டாக்டர் அறைக்குள் போனதும் குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒன்றுமே நடக்காது. அதனால் இந்த மாதிரி அசைவு வீட்டில் வரும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் கை கால்களும் தெரிகிற மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுங்கள். தூங்கி எழுந்ததுமா, காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். ஆனால் கை கால் இழுத்து வலிப்பு வந்தால் முதல் வேலை குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்தான், வீடியோ எல்லாம் அப்புறம்.

"வயித்து வலியா இருக்கும், தானா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் வெஸ்ட் சிண்ட்ரோம் பெரும்பாலும் முதல் வயதுக்குள் வருகிறது, சிகிச்சை தள்ளிப்போகத் தள்ளிப்போக மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். சந்தேகம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அதேபோல நேற்று வரை பேசிய சொல்லையோ செய்த கை அசைவையோ குழந்தை இழந்தாலும், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலும் காத்திருக்காதீர்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனை நார்மல் என்று வந்தாலும், அந்த அரை மணி நேரப் பதிவில் எதுவும் அகப்படவில்லை என்றுதான் சில சமயம் அர்த்தம். நீங்கள் பார்த்தது மறுபடி நடந்தால் மறுபடி போய், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். கிளம்பும் முன் ஒரு கேள்வி மட்டும் விட்டுவிடாதீர்கள்: இன்று ராத்திரி இது திரும்ப வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? பதிலை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள்.