வளவுக்குள் ஒரு வண்டில்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் விடுமுறை. கச்சான் காற்றும் புழுதியுமாகக் கிடக்கிறது வன்னி. "கைத்தொலைபேசியை வைச்சிட்டு வெளியில போய் விளையாடு" என்று சொல்லாத தாய் இல்லை. பிள்ளையும் வளவுக்குள் இறங்கும். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். அங்கே செய்ய ஒன்றும் இல்லையே! பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டும். அந்த வேலை இடையில் பழுதாகவும் வேண்டும். பழுதைத் திருத்துகிற நேரத்தில்தான் பிள்ளை சாப்பாட்டையும் மறந்து நிற்கும்.

அதற்கு நுங்கு வண்டிலை விடச் சிறந்த சாமான் எனக்குத் தெரியாது.

நுங்கு குடித்து முடிந்ததும் கோம்பைகளை, அதாவது நுங்கு எடுத்த வெறும் காய்களை, மாட்டுக்குப் போடமுதல், சில்லுக்கு ஒரே அளவான இரண்டை எடுத்து வையுங்கள். ஒரே அளவு என்பதைப் பிள்ளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அச்சுக்குக் காய்ந்த தடி, பெருவிரல் மொத்தம், ஒரு அடி நீளம். பச்சைத் தடி வளைந்துவிடும். இரண்டு முனையையும் நீங்கள் சீவிக் கொடுங்கள். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். கோம்பையின் வெட்டு முகம், அதாவது கண் தெரிகிற பக்கம், வெளியே பார்க்க வேண்டும். பின்பக்கத்தால் நட்டநடுவில் தடியை ஏற்றி, கண்களுக்கு இடையில் உள்ள சதையால் இரண்டு விரலளவு வெளியே வரவிடுங்கள். உடுப்பில் கோம்பையின் கயர்ச் சாறு பட்டால் கறை போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

தள்ளுவதற்குப் பூவரசில் ஒரு கவர்த்தடி, அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த தடி. அந்தக் கவரை அச்சில் வைத்துத் தள்ளவேண்டும். பிள்ளையின் நெஞ்சளவு உயரம் போதும். கவர் அகலமாக இருந்தால் அச்சு குதிக்கும். கவர் வழுகிச் சில்லுப் பக்கம் போனால் அச்சின் நடுவில் மெல்லிய தவாளிப்பு ஒன்று சுற்றிவர வெட்டிவிடுங்கள், அதற்குள் நிற்கும்.

இனித்தான் விளையாட்டு. வண்டில் ஒரு பக்கம் இழுக்கும். சின்னக் கோம்பை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இழுக்கும். இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றுவதால் பெரியது கூடுதல் தூரம் ஓடிவிடுகிறது. துள்ளித் துள்ளிப் போனால் அச்சு நடுவில் ஏறவில்லை. இரண்டு மூன்று நாளில் கோம்பை காய்ந்து சுருங்கும், துளை தளரும், சில்லு கழன்று ஓடும். இதில் ஒன்றையும் நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். அப்பப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாங்கித் திருத்திக் கொடுக்கக் கை துருதுருக்கும், கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், தானே வேறு கோம்பை தேடட்டும்.

நுங்குக் காலம் முடிந்தால் பழைய றப்பர் செருப்பில் வட்டம் வெட்டிச் சில்லாக்கலாம், ரின் பால் பேணி உடம்பாகும். அதுவும் ஓடும். ஆனால் கோம்பை மாதிரி வராது!

மூன்று நாலு வயதுச் சின்னதுகளுக்குப் பூவரசம் இலைப் பீப்பி. நடுநரம்பின் தடித்த அடியைக் கிள்ளிவிட்டு, இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதவேண்டும். முற்றல் இலை வெடிக்கும், கொழுந்து ஒட்டிக்கொள்ளும்; இடைநடுவான இலைதான் கத்தும். காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. முருங்கையில் கட்டவே கூடாது, சொல்லாமல் முறியும். வேம்பு, புளி, மா நல்லது. கயிற்றுக்கும் கொப்புக்கும் இடையில் சாக்குத் துண்டு சுற்றுங்கள், இல்லாவிட்டால் உரசி அறும். ரயரில் கட்டினால் அடியில் நாலு துளை போடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு கிழமை பத்து நாளில் பெருகிவிடும்.

வெளியில் என்றால் காலை ஒன்பதரைக்கு முன், பின்னேரம் நாலு மணிக்குப் பின். கட்டில்லாத கிணற்றைப் பலகையோ தகரமோ போட்டு மூடுங்கள். சருகுக் குவியலுக்குள் கை வைக்க விடாதீர்கள், புடையன் பாம்பு கிடக்கும். நம் மண்ணில் இன்னொன்றும் உண்டு, யுத்தத்தில் வெடிக்காமல் மிஞ்சிய வெடிபொருள்: தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடக்கூடாது, எறியக்கூடாது, வந்த வழியே திரும்பிவந்து பெரியவருக்குச் சொல்லவேண்டும். இதை விளையாட்டு தொடங்கும்போதெல்லாம் சொல்லுங்கள். சலித்தாலும் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பனங்கிழங்குக்கு விதை அடுக்குகிற பனம்பாத்தியைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், ஓடி ஓடிச் சொல்கிறேன். பழம் விழுகிற காலத்தில் பிள்ளைகள் பொறுக்கட்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று விதை. நிலத்தைத் தோண்ட வேண்டாம், மணலை முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். உயரம் குறைந்தால் கிழங்கு கீழே இறுகிய நிலத்தில் முட்டி, கிண்டும்போது முறியும். மேலே விதைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிதாக மணல் தூவி, மழை வரும்வரை தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வரிசைக்கு ஈர்க்குக் குத்தி அடையாளம் வைக்கட்டும். கிளறிப் பார்க்கத்தான் கை வரும், விடாதீர்கள். சுற்றிவர முள்ளு அடையுங்கள், பன்றி விடாது. தைப்பொங்கலை ஒட்டிக் கிண்டலாம். அதற்குமேல் விட்டால் கிழங்கு தும்பாகிவிடும். அவிக்கிற முறையை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.