உதைத்த காலிலேயே இறங்க வேண்டும்

வணக்கம். இன்றைக்குப் பேசுவதற்கு முன்னால் ஒரு படம் காட்டுகிறேன். தாளில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன், தெரிகிறதா? முதல் கட்டத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். அவருக்குக் கையெட்டாத உயரத்தில், சீல் என்கிற கடல்விலங்கின் தோலில் செய்த சின்னப் பந்து ஒன்று கயிற்றில் தொங்குகிறது. அடுத்த கட்டத்தில் இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலை மட்டும் வீசிப் பந்தைத் தொடுகிறார். மூன்றாவதில் தரைக்கு வருகிறார். எந்தக் காலில்? பந்தைத் தொட்ட அதே காலில். தடுமாறாமல் நிற்கவும் வேண்டும்.

இது வட துருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களின் விளையாட்டு, ஒற்றைக்கால் உயர உதை. தேர்ந்த வீரர்கள் 9 அடி வரை தொடுகிறார்கள். உங்கள் அறையில் மின்விசிறி தொங்குகிற உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் புகைப்படம் எடுத்தால் நடுக்கட்டம் மட்டும்தான் கிடைக்கும். கால் பந்தைத் தொடுகிற அந்த நொடி. ஆனால் கஷ்டம் முழுக்க மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. காமிக்ஸில் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். வடக்கின் விளையாட்டுகளையும் வாழ்க்கையையும் சொல்வதற்குக் கட்டம் கட்டமாக வரைகிற கதை இவ்வளவு பொருந்துகிறதே என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

நாம் எல்லோரும் 'ஐ ஃபார் இக்லூ' என்று படித்தவர்கள். ஒரு பனிவீடு, பக்கத்தில் கம்பளி உடையில் ஒருவர். அவருக்குப் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. அந்தப் படத்தை வரைந்தவர் பெரும்பாலும் அங்கே போனதே இல்லை. அங்கேயே பிறந்தவர் பேனாவைப் பிடித்தால் என்ன நடக்கும்?

அலூடூக் இபெல்லி அப்படிப் பிடித்தவர். 1951-ல் கனடாவின் வடக்கே, இன்று இகாலுயிட் என்று அழைக்கப்படும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வேட்டை முகாமில் பிறந்த இனுயிட் ஓவியர். முகாம் வாழ்க்கையிலிருந்து அரசு அமைத்த குடியிருப்புகளுக்கு மாறிய தலைமுறை அவருடையது. 1970-களில் இனுயிட் மக்களுக்கான ஒரு பத்திரிகையில் 'ஐஸ் பாக்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரை வரைந்தார். அதில் வருவது நூக் குடும்பம். கவனியுங்கள், பெயர் உள்ள குடும்பம்! பிறகு 1990-களில் 'நூனா அண்ட் வுட்' என்று இன்னொரு தொடர். நூனா என்றால் நிலம், வுட் என்றால் நம்முடைய. இரண்டையும் சேர்த்தால் நூனாவுட், நம் நிலம். அதே பெயரில் 1999 ஏப்ரல் 1-ம் தேதி கனடாவில் ஒரு புதிய ஆட்சிப்பகுதியே உருவானது. மக்கள் தங்கள் நிலத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்திய அந்தக் காலத்தில், ஒரு கார்ட்டூனிஸ்ட் அந்தச் சொல்லையே இரண்டாகப் பிரித்துத் தன் தொடருக்குப் பெயராக்கினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 2007-ல் இறந்துவிட்டார். இன்னும் நிறையப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இந்தத் தலைமுறையில் கோல் பால்ஸ். காமிக்ஸ் வரைகிறவர், கனடாவின் யூகான் பகுதியில் ஹெய்ன்ஸ் ஜங்ஷன் என்ற சின்ன ஊர்க்காரர். அந்த ஊருக்கு, அங்குள்ள பூர்வகுடிகளின் மொழியான தென் டூஷோனியில் டாக்வாகாடா என்று பெயர். உணவைப் பத்திரப்படுத்தும் உயரமான பரண் உள்ள இடம் என்று பொருள். ஊரின் நடனக் குழுவில் ஆடி வளர்ந்தவர். அவருடைய 'டாக்வாகாடா வாரியர்ஸ்' 2019-ல் புத்தகமாக வந்தது. அண்டங்காக்கையும் ஓநாயும்தான் நாயகர்கள். அங்குள்ள பூர்வகுடி மக்கள் காக்கை, ஓநாய் என்று இரண்டு குலங்களாக இருப்பவர்கள், அதனால் இது வெறும் விலங்குக் கதை இல்லை. கதை விண்வெளிச் சண்டை மாதிரி ஓடும், உரையாடலுக்கு நடுவே தென் டூஷோனிச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த மொழியை நன்றாகப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அடுத்த கட்டத்தில் என்ன ஆகும் என்கிற ஆர்வத்திலேயே ஒரு குழந்தை நாலு சொல் கற்றுக்கொள்ளும்.

சரி, விளையாட்டுக்குத் திரும்புவோம். ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டி 1970-ல் கனடாவின் யெல்லோநைஃப் நகரில் தொடங்கியது. பதக்கம் வட்டமாக இருக்காது, ஊலு வடிவில் இருக்கும். பெண்கள் தோல் சீவவும் இறைச்சி அறுக்கவும் வைத்திருக்கும் பிறைவடிவக் கத்திதான் ஊலு. வடக்கின் இன்னொரு பூர்வகுடியான டெனே மக்களின் விரல் இழுப்பும் உண்டு, எண்ணெய் தடவிய கழியை இழுக்கும் போட்டியும் உண்டு. கழி இழுப்பது, வழுக்கும் மீனை வாலருகே பிடித்துத் தூக்கும் பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இரட்டைக்கால் உயர உதை என்ற விளையாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. வேட்டை முடிந்து ஊர் திரும்பும் தூதன், தூரத்திலேயே உயரத் துள்ளி உதைத்துக் காட்டுவானாம். குரல் எட்டாத பனிவெளியில் அதுதான் செய்தி. இதைக் கேட்டதும் என் கண்ணில் முழுப் பக்கமும் வந்துவிட்டது. வெள்ளைத்தாள், அடிவானத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அது மேலே எழும்புகிறது.

இந்தப் போட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். ஒருவர் உதையைத் தவறவிட்டால், அவரோடு போட்டி போடுகிறவரே பக்கத்தில் வந்து எப்படி எம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அது அங்கே வழக்கம். பதக்கத்துக்கு நிற்கிறவரே சொல்லிக்கொடுக்கிறார்!

என் தாளில் மூன்று கட்டம்தான் போட்டிருந்தேன். இப்போது நாலாவது போடுகிறேன். இரண்டு பேர், ஒருவர் பந்துக்குக் கீழே தரையைச் சுட்டிக்காட்டுகிறார், இன்னும் கொஞ்சம் கிட்டே நின்று எம்பு என்கிறார். மற்றவர் காலை நகர்த்தி வைக்கிறார்.