வேலை முடிந்த பிறகு ஒரு நிரலர்

வணக்கம். கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலி 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று அடிக்கடி கேட்கும். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அதை எழுதுகிற நிரலருக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அலுவலகத்தில் பெரும்பாலும் தெரிந்த வேலையைத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். புதிதாகக் கற்பதெல்லாம் மாலையிலும் விடுமுறையிலும்தான்.

அதற்கு முதலில் எல்லோரும் போவது காணொளிப் பாடங்களுக்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நாமே எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

நான் எங்கே போனாலும் சொல்வது இதுதான்: அடுத்தவர் எழுதிய நிரலைப் படியுங்கள். சின்னதாக, முழுசாகப் படித்து முடிக்கக்கூடியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட் என்ற கருவியையே எடுத்துக்கொள்வோம். நிரலில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று கணக்கு வைப்பது அது. நிரலர்கள் தினமும் தொடுவது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதும் குழுவினர் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த வேறொரு கருவி கைவிட்டுப் போனதும், 2005 ஏப்ரல் 3ஆம் தேதி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுத ஆரம்பித்தார். 7ஆம் தேதிக்குள் கிட் தன்னுடைய நிரலையே தனக்குள் பதிந்து வைக்கத் தொடங்கிவிட்டது! அந்த முதல் பதிவு அதன் வரலாற்றில் இன்றும் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். சி மொழியில் ஆயிரத்துச் சொச்சம் வரிகள், ஏழு குட்டி நிரல்கள், அவ்வளவுதான். தனித்தனியாக மாற்றி எழுதிய கிளைகளை ஒன்றாக இணைக்கும் வசதிகூடக் கிடையாது. ஆனால் மூல யோசனை அன்றே இருக்கிறது: சேமிக்கும் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ்தான், அதாவது கைரேகை மாதிரியான ஒரு குறியீடுதான், பெயர். ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். அதனால் பழைய பதிவை யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. இது பிடிபட்டுவிட்டால், கிட் கட்டளைகளை மனப்பாடம் செய்கிற அவஸ்தை பாதி குறையும்.

படித்தால் மட்டும் போதுமா? போதாது. மூடிவைத்துவிட்டு, அதில் ஒரு துண்டை உங்களுக்குத் தெரிந்த மொழியில் நீங்களே எழுதிப் பாருங்கள். முதலில் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று தேடும்போதுதான் கற்கிறீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: படியுங்கள், மூடிவையுங்கள், எழுதுங்கள்.

சரி, எதைக் கற்பது? செயலிகளை வேகமாகக் கட்ட உதவும் புதுப் புதுக் கட்டமைப்புகள் (ஃபிரேம்வொர்க்) வரும், போகும். தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் 1970களில் பிறந்தது, இன்றும் சோறு போடுகிறது. அடியில் இருப்பதற்கு நேரம் கொடுங்கள், மேலே இருப்பதை வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம்... நேரமாகிவிட்டது என்று இங்கே சைகை காட்டுகிறார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரிடம் நேர்காணலில் 'ஓய்வு நேரத்தில் என்ன நிரல் எழுதினீர்கள்?' என்று கேட்பதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். அது நியாயமில்லை. நிறுவனங்கள் அலுவலக நேரத்திலேயே கற்க இடம் கொடுக்க வேண்டும். வணக்கம்.