கொடுக்கத்தான் கல்கல்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் சமையல் என்றதும் எல்லாருக்கும் முதலில் கேக்தான் ஞாபகம் வரும். கேக்கைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மாதம் முழுக்க நடக்கிற சமையலில் கேக் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் மாவைச் சிப்பி மாதிரி சுருட்டிப் பொரிக்கிற கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம், தேன்குழல், சோமாஸ். இதில் முக்கால்வாசியை நாங்கள் சாப்பிடுவதற்காகச் செய்வதில்லை. கொடுப்பதற்காகச் செய்கிறோம். என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது செய்வது, எல்லாவற்றையும் இந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது.

வட சென்னைத் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரே மாடிப்படி, நாலு குடித்தனம். கீழ் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம், எதிரில் ஒரு இந்துக் குடும்பம், மேலே நாங்கள். ரம்ஜானுக்குப் பிரியாணி வந்திருக்கும், தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வந்திருக்கும். டிசம்பர் வந்தால் எங்கள் முறை. அதுவும் எந்த டிசம்பர்? கார்த்திகையும் மார்கழியும் சேருகிற மாதம். எதிர் வீட்டு அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். அவர் வீட்டுக்கு முட்டை சேர்த்த பலகாரம் போகக் கூடாது. சவுகார்பேட்டையில் கடை வைத்திருக்கிற ஜெயின் குடும்பம் ஒன்று எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவர்களுக்கும் முட்டை ஆகாது. அதனால் எங்கள் வீட்டில் முதல் ஈடு எப்போதும் முட்டை இல்லாத கல்கல். புது எண்ணெய், கழுவித் துடைத்த வாணலி. அவர்களுக்கானதை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் முட்டை சேர்த்த மாவைத் தொடுவோம். என் மாமியார் இதில் மிகக் கண்டிப்பு. சாப்பிடப் போகிறவரை முதலில் நினை, அப்புறம் மாவில் கை வை என்பார். அவர் சொல்லிக் கொடுத்ததில் இதைத்தான் நான் மேலாக மதிக்கிறேன்.

கல்கல் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். போர்த்துகீசியர் வழியாக வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோவாவிலும் மங்களூரிலும் கிறிஸ்துமஸுக்கு இதைச் செய்கிறார்கள். எப்படி வந்திருந்தாலும் இன்று அது எங்கள் தெருப் பலகாரம். அளவு சொல்கிறேன், பேப்பர் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மைதா அரை கிலோ. பொடித்த சர்க்கரை 150 கிராம். நெய் இரண்டு மேசைக்கரண்டி, சூடாக்கி மாவில் விட்டுப் பிசறவும். ஒரு சிட்டிகை உப்பு, நாலு ஏலக்காயின் பொடி. ஒரு தேங்காயைத் துருவிப் பிழிந்த முதல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சப்பாத்தி மாவை விடச் சற்று இளக்கமாகப் பிசையுங்கள். பாலை மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள், சர்க்கரையும் இளகித் தண்ணீர் விடும். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும். முட்டை சேர்ப்பதானால் இரண்டு முட்டை, அந்த அளவுக்குத் தேங்காய்ப்பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைக் கூட்டினால் ருசி கூடும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் கல்கல் எண்ணெயில் பிரிந்து போகும், உள்ளே வேகுமுன் மேலே கருகும். இனிப்பு கூட வேண்டும் என்றால் பொரித்த பிறகு பாகில் புரட்டுங்கள். 200 கிராம் சர்க்கரை முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, கெட்டிக் கம்பிப் பதம் வந்ததும் கல்கல் மேல் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளையாகப் பூத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் மழை பெய்கிற நாளில் பாகு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் இரண்டே நாளில் கசிந்துவிடும். ராயபுரத்தில் நாங்கள் பெரும்பாலும் பாகில்லாமல்தான் செய்கிறோம்.

இனி உருட்டுவது. நெல்லிக்காயில் பாதி அளவு உருண்டை எடுத்து, முள்கரண்டியின் பின்பக்கத்திலோ புதுச் சீப்பிலோ வைத்துக் கட்டை விரலால் அழுத்தி இழுத்தால் வரி விழுந்து சிப்பி மாதிரி சுருண்டு வரும். ஓரம் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும். அடுப்பு மிதமாக எரிய வேண்டும். இவ்வளவுதான் நுணுக்கம். கஷ்டம் எண்ணிக்கையில் இருக்கிறது. அரை கிலோ மாவை ஒருவர் தனியாக உட்கார்ந்து உருட்டினால் இடுப்பு போய்விடும். அதனால்தான் கல்கல் அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார வேண்டும். தரையில் பழைய வேட்டி விரித்து, நடுவில் மாவு, ஆளுக்கு ஒரு முள்கரண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரிப் பையன்கள், பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். கண் சரியாகத் தெரியாத பாட்டி கூட விரலாலேயே உருட்டிவிடுவார்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல வீடுகளில் உருட்டுவதற்கு எல்லாரும் வருகிறார்கள், பொரிப்பதற்கு ஒருவர்தான் நிற்கிறார். அது அம்மாவாகவோ மருமகளாகவோ இருக்கும். மூன்று மணி நேரம் கொதிக்கிற எண்ணெய் முன்னால் அவர் மட்டும் நிற்பார், சிரிப்பும் பேச்சும் கூடத்தில் நடக்கும். இது சரியில்லை. அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து நில்லுங்கள். ஆண்களும் நிற்கலாம். இந்த வட்டாரத்தில் கல்யாணப் பிரியாணிக்கு அண்டா வைத்துக் கிளறுகிறவர்கள் ஆண்கள்தானே, வாணலியில் கரண்டி போடுவது அவர்களுக்கு வராதா என்ன?

அச்சு முறுக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சரிசி மாவு, கொஞ்சம் மைதா, சர்க்கரை, முட்டை, தேங்காய்ப்பால், ஒரு கை எள். பலரும் தோற்பது அச்சில்தான். புது இரும்பு அச்சை வாங்கி வந்த அன்றே முக்கினால் மாவு விடாது. எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, இரவு முழுக்க அப்படியே ஊற விடுங்கள். சுடும்போது அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால்தான் மாவு பிடிக்கும். முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் கழன்று வராது.

கேக்குக்கு வருகிறேன். என் அம்மா வீடு பெரம்பூர், அப்பா ரயில்வே. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு பெரம்பூர் ரயில்வே பட்டறைகள், 1955-ல் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலை. இந்த ரயிலோடு சேர்ந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரம்பூரில் நிறைய. எங்கள் எதிர் வீட்டு ஆன்ட்டி அக்டோபரிலேயே உலர்திராட்சை, கறுப்புத் திராட்சை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா, செர்ரி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ரம் ஊற்றிப் பீங்கான் ஜாடியில் மூடிவிடுவார். எங்கள் வீட்டில் ரம் கிடையாது, ஆரஞ்சுச் சாறுதான். ரம்மில் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும், சாற்றில் இருக்காது. சாற்றில் ஊறப்போடுகிறவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் கேக் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கறுப்பு நிறம் சர்க்கரையைக் கருக்குவதால் வருவது. அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரையை மட்டும் போட்டு, உருகிச் சிவந்து, கறுக்கத் தொடங்குகிற நேரத்தில் வெந்நீர் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் சீறித் தெறிக்கும், வெந்நீருக்கும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

அப்போது யார் வீட்டில் ஓவன் இருந்தது? கலக்கிய மாவைத் தகரத் தட்டுகளில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டு வைத்து, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பில், கணகணப்பு அடங்குவதற்குள் வரிசையாகத் தள்ளுவார்கள். நேரமாகும் என்று தெரிந்தாலும் வீட்டுக்குத் திரும்ப மனசு வராது, வாசம் அப்படி. பேக்கரிக்குப் போகாதவர்கள் அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி மேல் தணல் வைத்து வீட்டிலேயே சுட்டார்கள். இன்றைக்கும் ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணலைக் காயவைத்துச் சின்னத் தீயில் சுடலாம், நன்றாகவே வருகிறது.

ஆன்ட்டி வீட்டு மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் நான் என் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த சீதனம் என்றே சொல்வேன். தேங்காய்ப்பாலில் பட்டை, கிராம்பு, மஞ்சள்தூள் போட்டு வேகவைத்த சோறு. கைமா உருண்டைகளைப் பச்சையாகவே கொதிக்கிற குழம்பில் ஒவ்வொன்றாக விட வேண்டும். விட்டதும் கரண்டி போடாதீர்கள், உடைந்துவிடும். பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து லேசாகக் குலுக்கினால் போதும், உருண்டை இறுகிக்கொள்ளும். ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் மட்டன் பிரியாணி, கத்தரிக்காய், தயிர் பச்சடி. அதை மாற்ற யாராலும் முடியாது, நானும் முயலவில்லை. மஞ்சள் சோறு 26-ந் தேதிக்குப் போய்விட்டது.

இவ்வளவுக்கும் பணம்? மைதா, சர்க்கரை, எண்ணெய், முந்திரி எல்லாம் ஒரே மாதத்தில் வாங்கினால் கடலுக்குப் போகிற வீட்டிலும், மூட்டை தூக்குகிற வீட்டிலும் தாங்காது. அதனால்தான் பலகாரச் சீட்டு. தெருவில் நம்பிக்கையான ஒரு அக்காவிடம் வாராவாரம் சின்னத் தொகை கட்டி வருவார்கள். டிசம்பரில் அவர் கொத்தவால்சாவடிக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் போய் மொத்தமாக வாங்கி, வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பார். எங்கள் கிறிஸ்துமஸ் சமையலின் அஸ்திவாரம் அந்த அக்காக்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2023 டிசம்பரை வட சென்னை மறக்காது. 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து அந்தப் பக்கத்து மீனவர்கள் வலை போட முடியாமல் நின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எங்கள் தெருவில் கீழ் வீடுகளின் மளிகை எல்லாம் நனைந்து போனது, சீட்டுக்கு வந்த மைதா உட்பட. மாடி வீடுகளில் இருந்ததைச் சேர்த்து, ஒரே வீட்டு அடுப்பில் எல்லாருக்குமாக ஒரு தடவை கல்கல் போட்டோம். கேக் இல்லை, அச்சு முறுக்கு இல்லை. தட்டு மட்டும் எல்லா வீட்டுக்கும் போனது. ஒவ்வொரு வருடமும் எங்களுக்குச் சேமியா அனுப்புகிற கீழ் வீட்டு அம்மாவுக்கு ஈரம் காயாத வீட்டு வாசலில்தான் கொடுத்தோம். அந்த வருடம் கடைப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாம், கிடைக்கத்தான் செய்தது. யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

இப்போது பல வீடுகளில் கடைப் பெட்டிதான் போகிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரமில்லை, அது எனக்குப் புரிகிறது. கேக்கைக் கடையில் வாங்குங்கள், அதிரசத்தையும் வாங்குங்கள், நல்லதாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்கலை மட்டும் வீட்டில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பெரிய கைப்பக்குவம் வேண்டாம், செலவும் குறைவு, பத்துப் பேர் உட்கார இடம் இருந்தால் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கண்ணளவாகப் போடுகிற மாவைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். என் மாமியாரின் அளவை நான் அப்படித்தான் பிடித்தேன், இன்று உங்களுக்குச் சொன்னது அதுதான்.

எப்போது செய்யலாம்? நன்றாக ஆறவைத்துக் காற்றுப் புகாத டின்னில் போட்டால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். ஆகவே 15-ந் தேதிக்கு மேல் வருகிற ஞாயிறு சரியான நாள். இரவில் கீதப் பவனி வருகிற பிள்ளைகளுக்கும் டீயோடு சுண்டலோடு ஒரு கை கொடுக்கலாம், பாடிப் பாடிப் பசியோடு வருவார்கள். தட்டுகள் 24-ந் தேதி மாலைக்குள் போய்ச் சேரட்டும். நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஏதாவது ஒரு வீடு விட்டுப் போகும், அதனால் பேர்களை முன்னாலேயே எழுதி வையுங்கள். புதிதாகக் குடிவந்த வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் என் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வணக்கம்.