தடாகத்துக்குள் ஒரு கால்வாய்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தது நம்மில் பலருக்குத் தெரிந்த சங்கதி. இன்று நான் பேசப்போவது கடலில் இறங்காத நீச்சல் பற்றி. பிரித்தானியாவில் நீச்சல் கழகங்கள் ஆங்கிலக் கால்வாயின் தூரத்தை உள்ளூர்த் தடாகத்திலேயே கூட்டாக நீந்தி, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவதுண்டு.

முதலில் இலக்கு. இங்கிலாந்தின் டோவர் பக்கத்திலிருந்து பிரான்ஸ் கரைக்கு, மிகக் குறுகிய இடத்தில், சுமார் 34 கிலோமீற்றர். 25 மீற்றர் தடாகத்தில் 1,360 லெங்த், அதாவது 1,360 தடவை கரைக்குக் கரை. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 20 பேர், கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு 80 லெங்த் நீந்தினால் ஒரே கிழமையில் 80 கிலோமீற்றர்! கால்வாயைப் போய்வந்து இன்னும் மிச்சம். பிறகு நிதி தருகிறவருக்கு எதில் அக்கறை இருக்கும்? ஆகவே நாலு கிழமைக்கு 320 என்று வைத்து, தடிமன், காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை என்று ஆள் குறைவதற்கு 15 வீதம் கழியுங்கள். 272. அதாவது கால்வாயை நாலு தடவை போய்வரும் தூரம். அதுதான் எட்டக்கூடிய, ஆனால் சும்மா எட்டிவிடாத இலக்கு.

கணக்குப் பிழைப்பது தண்ணீரில்தான். லெங்த் என்றால் ஒரு கரையிலிருந்து மறுகரை. "லப்" என்று சொன்னால் சிலர் போய்வருவதை ஒன்றாக எண்ணுவார்கள். தூரம் பாதியாகும், அல்லது இரட்டிக்கும். அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். தடாகத்தின் அளவையும் கேட்டறியுங்கள். பழைய தடாகங்கள் சில, மீற்றரில் அல்லாமல் 'யார்' (yard) என்ற அளவில் கட்டப்பட்டவை. 25 யார் என்றால் 22.86 மீற்றர், 40 லெங்த் நீந்தியும் ஒரு கிலோமீற்றருக்கு 86 மீற்றர் குறையும்.

கைக்கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது கையின் அசைவை வைத்து எண்ணுவது. மிதவைப் பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. நடுவில் நின்று மூச்சு வாங்கினால் ஒரு லெங்த் கூடவும் கூடும். கரையில் ஒருவர், நனைந்தாலும் எழுதக்கூடிய பலகையில் பென்சிலால், ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணட்டும். பேனா மை கரைந்து ஓடிவிடும்.

இனிப் பணம். கழகம் நீந்தும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5 பென்ஸ் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், 272க்கு 13 பவுண் 60 பென்ஸ். அவர் இங்கு வரி கட்டுபவராக இருந்து படிவத்தில் கிஃப்ட் எய்ட் (கொடைக்குரிய வரியை அரசு தொண்டு நிறுவனத்துக்குத் தரும் திட்டம்) பெட்டியில் அடையாளமிட்டால், தொண்டு நிறுவனம் பவுணுக்கு 25 பென்ஸ் மீளப் பெறலாம். மொத்தம் 17 பவுண். படிவத்தில் முழுப்பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோட் வேண்டும். அவசரத்தில் கந்தோர் முகவரியை எழுதுகிறார்கள், அல்லது கணவன் மனைவி இருவரையும் ஒரே வரியில் அடக்குகிறார்கள். அதனாலேயே அந்த 25 பென்ஸ் கைவிட்டுப் போகலாம்.

கிலோமீற்றர் கணக்கில் தருபவருக்கு உச்சத் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். தடாக வாடகையை இந்தப் பணத்தில் எடுக்கவே கூடாது; உறுப்பினர்கள் தனியாகப் போடட்டும். கடைசி நாளன்றே கரையில் வைத்துக் கூட்டிப் பார்த்து, அன்றிரவே எல்லோருக்கும் தொகையை அறிவித்துவிடுங்கள். மூன்று கிழமை கழித்துக் கதவைத் தட்டினால், "எந்த நீச்சல்?" என்றுதான் கேட்பார்கள்.