பாராமகாலும் நகராட்சியும்: ஆளவந்தவர்களின் முன்னனுபவம்

(சேலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

நாட்டை ஆள வருகிறவர் அதற்கு முன் படையில் இருந்தவரா, அரசியலில் இருந்தவரா என்று கேட்பது வழக்கம். அந்தப் பதவிகளில் இருந்தபோது ‘முடியாது’ என்று அவரிடம் நேருக்கு நேர் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் சேலம்தான்.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலம் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், வந்தன. கும்பினியின் சிவில் அதிகாரிகளிடையே நாட்டு மொழி அறிந்தவர்கள் அரிது என்பதால், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இப்பகுதியைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியிடம் ஒப்படைத்தார். ரீடுக்கு உதவியாக அமர்ந்தவர்களில் ஒருவர், 1780இல் பயிற்சி வீரராகச் சென்னை வந்து இறங்கிய தாமஸ் மன்றோ. அதுவரை போர்க்களமே பள்ளிக்கூடமாக இருந்த அவர், 1799 வரை இங்கே நிலம் அளப்பதையும் உழுகிறவர்களிடம் நேரடியாகத் தீர்வை (நிலவரி) பேசுவதையும் கற்றார். பட்டாளத்தில் மறுத்துப் பேசியவனை விசாரணையில் நிறுத்தலாம். ஆனால் புன்செய்க்காரன் ‘இந்தத் தீர்வை கட்டாது, சாமி’ என்று நிலத்தைப் போட்டுவிட்டு நடந்தால் அந்த வருவாயே போயிற்று. இந்த வேறுபாட்டை உணர்ந்த படைவீரர்தான் 1820இல் சென்னை கவர்னரானார். வரி வசூலிக்க வந்த அந்நியர் என்பதை மறந்து அவரைப் புகழ வேண்டியதில்லை. அவர் எங்கே பயின்றார் என்பதே நமக்குப் பொருள்.

அடுத்தவர் ராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை இந்நகராட்சியின் தலைவராகப் பணியாற்றியவர். சுதந்திர இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியரின் ஆட்சிப் பயிற்சி இந்த ஊரின் சாக்கடையிலும் குடிநீர்க் குழாயிலும் தொடங்கியது. வல்லபாய் படேலுக்கு அகமதாபாத்திலும், நேருவுக்கு அலகாபாத்திலும், பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான அட்லிக்கு லண்டனின் ஸ்டெப்னியிலும் இதே பாடம் கிடைத்தது. அட்லியோ அதற்கு முன் கலிப்போலியில் போரிட்டுத் திரும்பிய மேஜர்.

நகராட்சியை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நான் சிறுவனாக அம்மாப்பேட்டையில் கண்ட காட்சி ஒன்று உண்டு. நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வராததால் தெருப் பெண்கள் காலிக் குடங்களைக் கொண்டுவந்து வார்டு உறுப்பினரின் திண்ணையில் வரிசையாக வைத்தார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. சாப்பாட்டில் கை வைத்திருந்தவர் பாதியில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் தோளில் துண்டோடு வால்வு இருக்கும் முக்குவரை நடந்தார். அன்றும் தண்ணீர் வரவில்லை. மறுநாள் காலையில் குடங்கள் மறுபடி திண்ணையில் இருந்தன. எந்தத் தளபதியின் வாசலிலும் இப்படிக் குடம் வைக்க முடியாது.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரான (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) ராஜாஜி, மதுவிலக்கை முதலில் இந்தச் சேலம் மாவட்டத்தில்தான், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று, நடைமுறைப்படுத்தினார். தமக்குத் தெரிந்த மண்ணில் சோதித்துப் பார்த்த பிறகே அதைப் பிற மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றார். கள்ளு வருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஒரு வருவாயை மூடினால் இன்னொன்றைத் தேட வேண்டும் என்பது நகராட்சிக் கணக்கு தெரிந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே ராஜாஜி 1953இல், கட்சிக்காரர்களைக்கூடக் கலந்துகொள்ளாமல், குலக்கல்வித் திட்டம் என்று பேசப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்து 1954இல் முதலமைச்சர் பதவி இழந்தார். அவருடைய இடத்துக்கு வந்த காமராசர் அதுவரை ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், விடுதலையானதும் அந்தப் பதவியைத் துறந்தவர். ஆனால் முரண்டு பிடிக்கும் தொண்டர்களைக் கட்டி மேய்த்த அனுபவம் அவருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்தது. ஆகவே பதவிகளை எண்ணிப் பார்த்து ஒருவரின் தகுதியை அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படையிலிருந்து வந்தவர்களையும் இப்படியே பார்க்கலாம். 1953இல் அமெரிக்க அதிபரான ஐசனோவர் அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எனினும் 1944இல் நேச நாடுகளின் தலைமைத் தளபதியாக இருந்தபோது இங்கிலாந்தின் சர்ச்சிலையும் பிரான்சின் தெகாலையும் அவர் கட்டளையிட்டு நடத்த முடியாது. பேசித்தான் இணங்கவைக்க வேண்டியிருந்தது. பாகிஸ்தானின் அயூப்கான் 1951இல் படைத்தளபதியாகி, 1958இல் ஆட்சியைப் பிடித்தார். 1969 மார்ச்சில் தெருவில் திரண்ட மக்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் விலகியபோதும், நாட்டை இன்னொரு தளபதியான யாகியாகானிடமே விட்டுச் சென்றார்.

அதே 1969இல் இந்தியப் படைத்தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர், நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலத்து ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மூத்த மகன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டுப் போர்க்கைதியானவர். 1967 தேர்தலில் சென்னை உட்படப் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தபோது அவர்தான் படைத்தலைவர். பட்டாளம் பாசறையை விட்டு வெளியே வரவில்லை. தம்பி மோகன் 1971இல் புதுச்சேரி மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்று மத்திய அமைச்சரானார். அண்ணன் ஓட்டுக் கேட்டு எங்கும் போகவில்லை.